ரோசாப்பூவுக்கு ஒரு பென்டிரைவ்

முத்துப்பேச்சியின் போனில் எள் விழ இடமில்லை. கையில் எடுத்தாலே, இடம் தீர்ந்துவிட்டது, எதையாவது அழி என்று அது நச்சரித்தது. போடியில் ஏலக்காய் மூட்டைகள் வந்து இறங்கும் கிட்டங்கியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் ஜோதி, இதற்கு மருந்து தனக்குத் தெரியும் என்றாள்.

"அண்ணன் தெனம் அனுப்புற ரோசாப்பூவ எல்லாம் அழிச்சு விடு மதினி. பாதி போன் காலியாயிரும்."

"உன் சோலியப் பாரு," என்றாள் முத்துப்பேச்சி.

அவள் வீட்டுக்காரர் வீரணன், போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிறார். மாதம் ஒருமுறைதான் இறங்கி வருவார். வாயில் கொழுக்கட்டையோடு பிறந்த மனுஷன். வீட்டில் இருக்கும் நாளில் "உப்பு" என்று ஒரு சொல் சொன்னால் அன்றைய பேச்சு முடிந்தது. கல்யாணமான புதிதில் அது அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது. போகப் போகக் குறையும் பழகிவிட்டது.

அப்படிப்பட்டவர்தான், போன வருஷம் புது போன் வாங்கியதிலிருந்து, விடிந்ததும் சிக்னல் எட்டிப் பார்க்கிற பாறைவரை நடந்துபோய் அவளுக்கு ஒரு படம் அனுப்புகிறார். பேசுகிற அளவுக்கு அங்கே சிக்னல் நிற்காது. படம் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும். ரோசாப்பூ, உதிக்கிற சூரியன், பல்லில்லாமல் சிரிக்கும் யார் வீட்டுக் குழந்தையோ. எல்லாவற்றின் மேலும் 'இனிய காலை வணக்கம்'. யாரோ செய்து ஊரெல்லாம் சுற்றுகிற படங்கள்தான், அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் பாறைவரை நடந்தது அவர் கால். அதை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

இந்த வாரம் நிலைமை மோசமானது. அவர் அனுப்பிய பூக்கள் புகை மூடினாற்போல மங்கலாக வந்து நின்றன, தொட்டால் திறக்கவில்லை. மூன்றாம் பூவும் திறக்காதபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் கிட்டங்கி விட்டதும் நேரே சஜ்ஜாத்தின் மொபைல் கடையில் போய் நின்றாள்.

"ஒரு படமும் அழியக்கூடாது தம்பி. போனுக்கு எடமும் வேணும்."

சஜ்ஜாத் இரண்டு பக்கமும் வாய் உள்ள ஒரு பென்டிரைவை எடுத்தான். "இந்தப் பக்கம் கம்ப்யூட்டருக்கு, இந்தப் பக்கம் போனுக்கு. போன்ல இருக்கிறத இதுக்கு மாத்திருவோம். பாக்கணும்னா சொருகுங்க, பாத்துட்டுக் கழட்டி வச்சுக்கங்க."

படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. முடிந்ததும் அவன் அதை உருவினான். போனில் ஒரு பூ இல்லை. முத்துப்பேச்சிக்கு நெஞ்சு திக்கென்றது. மறுபடி சொருகியபோது அத்தனையும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இரண்டு தடவை அவளே சொருகி உருவிப் பார்த்துச் சமாதானமானாள். போனில் இடம் கிடைத்ததில், திறக்காமல் நின்ற மூன்று பூவும் இப்போது தொட்டவுடன் பளிச்சென்று திறந்தன.

வாட்ஸ்அப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்த சஜ்ஜாத் கேட்டான். "அவரு இத்தன அனுப்பியிருக்காரு. நீங்க ஒண்ணுகூட அனுப்பலையேக்கா?"

"இருக்கிறதே கையளவு எடம். நானும் எழுதினா அது அடைச்சுக்காதா? அப்புறம் அவரு படம் எங்க வந்து உக்காரும்? பஸ்சுல ஒரு சீட்டுதான்னா ஒருத்தர் எந்திரிச்சுத்தான குடுக்கணும்."

சஜ்ஜாத் வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "எழுத்துக்கு எடமே வேணாங்க்கா. வருசம் பூரா எழுதினாலும் ஒரு ரோசாப்பூ அளவு வராது."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு வருஷமாக அந்த மனுஷன் சுவரோடு பேசுகிற மாதிரி பேசியிருக்கிறார். பதிலே வராத இடத்துக்கு, பனியிலும் மழையிலும் நடந்திருக்கிறார். நான் ஒரு கூறுகெட்டவள் என்று தன்னையே வைதுகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. விரலுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் 'சாப்பிட்டீங்களா' என்று எழுதி அனுப்பிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் படம் வரவில்லை. பூவும் இல்லை, சூரியனும் இல்லை. ஏதோ தப்பாக எழுதிவிட்டோமோ, கோபித்துக்கொண்டாரோ என்று கிட்டங்கியில் அவளுக்கு வேலை ஓடவில்லை. பெரிய காயும் சின்னக் காயும் கலந்து விழ, ஜோதி பேசாமல் அவற்றைப் பிரித்துப் போட்டாள்.

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்பு கிட்டங்கி வாசலில் ஒரு ஜீப் நின்றது. புகை வாடை அடிக்கிற ஸ்டோர் சட்டையோடு வீரணன் இறங்கி, ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார்.

"என்ன ஆச்சு பேச்சி?"

"ஒண்ணும் ஆகலையே. நீங்க என்ன திடுதிப்புன்னு?"

"ஒரு நாளும் எழுதாதவ எழுதியிருக்கியேன்னு பயந்துட்டேன். கெடைச்ச ஜீப்புல ஏறி வெரசா வர்றேன்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கிட்டங்கியில் எல்லாக் கையும் நின்றுவிட்டது.

"சாப்பிட்டீங்களான்னுதான கேட்டேன்," என்றாள் மெதுவாக.

வீரணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல," என்றார்.