வால்வுக்கு மேலே பனிக்குவியல்

சுற்றுச்சூழல் அதிகாரி சைலா நகராட்சி வண்டிகளுக்கு டீசல் போடும் இடத்துக்கு வந்தபோது பனி தள்ளும் வண்டி மட்டும் நின்றது. ஓட்டுநரைக் காணோம். டாங்கி நிரம்பி, சிவப்புச் சாயமிட்ட டீசல் தளத்தில் ஓடி வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தானாக நிற்க வேண்டிய குழாய் குளிரில் இறுகிவிட்டிருந்தது. பிடியில் ஒரு கம்பளிக் கையுறை செருகியிருந்தது.

பிடுங்கி எறிந்தாள். குழாய் நின்றது. பிடியைப் பூட்டும் கொக்கியைப் போன வருஷம் அவள்தான் கழற்ற வைத்தாள். டீசல் ஏறி முடியும்வரை ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. கொக்கி போனது, கையுறை வந்தது. இந்த ஃபின்லாந்துக் குளிரில் காபி நேரத்தை விட்டுக்கொடுக்க எவனுக்கும் மனசு வராது.

"வெய்க்கோ!"

வாயில் ரொட்டியோடு ஓடி வந்தார் ஓட்டுநர் வெய்க்கோ. "ஐயையோ, வழிஞ்சிடுச்சா? இரும்மா, சுடுதண்ணி அடிச்சுக் கழுவி விட்டுடறேன்."

"கழுவி எங்க விடுவீங்க? உங்க வீட்டுக் குழாய்லயா? மண்ணைக் கொட்டுங்க!"

எண்ணெய் உறிஞ்சும் மண்ணை அவர் மூட்டையோடு கவிழ்த்தார். ஆனால் வடிகாலுக்குள் போனது போனதுதான். அது எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குப் போகும். இவ்வளவை அந்தத் தொட்டி தாங்காது. தாண்டினால் ஓடை; ஓடைக்கரையில் ஊர் குடிக்கும் கிணறு. நடுவில் இருப்பது ஒரே ஒரு வால்வு.

வால்வு இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்திருந்தது. இங்கே தள்ளாதீர்கள் என்று மூன்று குளிர்காலமாகச் சொல்கிறாள். கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"யாரு தள்ளினது?"

"நேத்து நான்தான்," என்றார் வெய்க்கோ. "வேற எங்கம்மா தள்றது?"

"சரி, தோண்டுங்க."

இருவரும் தோண்டினார்கள். குழியின் மூடி தெரிந்தது. அதைத் தூக்கினால், வால்வின் கைப்பிடி பனிக்கட்டிக்குள் இறுகிக் கிடந்தது, அசையவில்லை.

"அந்தச் சுடுதண்ணிக் குழாயை இழுத்துட்டு வாங்க."

"இப்பதானே வேணாம்னே?"

"இப்ப வேணும். வாங்க!"

ஆவி முகத்தில் அடித்தது. கட்டி இளகியது. இரண்டு பேர் பலத்தையும் போட்டுத் திருப்பினார்கள். வால்வு முனகிக்கொண்டு மூடியது.

சைலா சரிவில் இறங்கி, வடிகால் குழாய் ஓடையில் சேரும் இடத்துக்குப் போனாள். குழாய் முனைக்குக் கீழே வெள்ளைப் பனியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. தண்ணீரைத் தொட இன்னும் ஒரு முழம்.

அதற்குள் பணிமனைப் பொறுப்பாளர் ரைனே மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "அவ்ளோதானே? ஒரு மண்வெட்டி பனி. வாரிப் போட்டுட்டு வா, காபி ஆறுது."

"தொட்டில எவ்ளோ இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீ எழுதி அனுப்பினா மேலிடத்துல இந்தப் பணிமனையையே இழுத்து மூடிடுவாங்க சைலா. ரோட்டுல பனியை யாரு தள்றது? நீயா?"

சைலா போனை வெளியே எடுத்தாள். வெய்க்கோ பக்கத்தில் வந்து நின்றார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"யாரு வண்டின்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன். கொக்கியைக் கழட்டிட்டு அதுக்கப்புறம் ஒரு நாளும் வந்து பாக்காதவ நான்தான்னும் சொல்லுவேன். பனிக்கு வேற இடம் ஒதுக்கித் தரலன்னும் சொல்லுவேன்."

ரைனே உள்ளே போய்விட்டார். வெய்க்கோ சிவந்த பனியை ஓரத்திலிருந்து வாரி வாளியில் போடத் தொடங்கினார். தீ விபத்தையும் எண்ணெய்க் கசிவையும் கவனிக்கும் மீட்புத் துறைக்குச் சைலா போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடத் தோன்றியது. எதிர்முனையில் ஒரு பெண்குரல் கேட்டதும், முதலில் இடத்தின் பெயரைச் சொன்னாள்.