வெளியிலிருந்து ஆதரவு

என் கணவர் கிரிஜா லாஹிரி எதையும் வெளியிலிருந்துதான் ஆதரிப்பார். டெல்லி அரசாங்கத்தையும் அப்படித்தான், என் சமையலறையையும் அப்படித்தான். உள்ளே வந்து ஒரு தம்ளர் கழுவியதில்லை. மீன் குழம்பில் கடுகு குறைந்தால் மட்டும் கூடத்திலிருந்து கண்டனம் வந்துவிடும்.

அவருடைய கட்சிக்குப் புரட்சிப் பொதுவுடைமை மன்றம் (உண்மை) என்று பெயர். 'உண்மை' இல்லாத மன்றம் ஒன்றும் கொல்கத்தாவில் அதே தெருவில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் எங்களுக்கு இவர் ஒருவர்தான். பல கட்சிகள் கூடி முட்டுக்கொடுத்த அந்த அரசு நம்பிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது இரண்டு கை குறைந்தது. ஒன்று இவருடையது. மற்றது டெல்லிக் குடியிருப்பில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அசாம்காரர் ஹேமகாந்த போராவுடையது. அவர் கட்சிக்கும் அவர் ஒருவர்தான்.

இவருக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் ஹூக்ளி தொகுதியில் பூட்டிக் கிடந்த சணல் ஆலையை அரசே எடுத்து நடத்த வேண்டும். அதற்காக ஆலை வாசலில் இவர் இருந்த உண்ணாவிரதங்களுக்குக் கணக்கில்லை. என் தம்பி ஹராதன் அங்கே தறி ஓட்டியவன். ஆலையைப் பூட்டியதும் கிடைத்த கூலிக்கெல்லாம் அலைந்தான். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டான். எனக்கும் வேண்டியிருந்தது அந்த ஆலை ஒன்றுதான்.

பிரதமர் தேநீருக்கு அழைத்தார். "வெளியிலேர்ந்து ஆதரவு குடுக்கறவன் உள்ள போய் டீ குடிக்கலாமா?" என்று இவர் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அமைச்சரே எங்கள் வீட்டுப் படியேறி வந்தார்.

"லாஹிரி சாப், ஆலையை நாங்களே எடுத்துக்கறோம். நாளைக்கே அறிவிச்சுடறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

உடனே ஓடிப்போய் ஹராதனுக்கு போன் செய்ய வேண்டும் போலிருந்தது.

"மத்தியக் குழு கூடித்தான் சொல்ல முடியும்" என்றார் இவர்.

குழு கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தது. இவரோடு சேர்த்து ஏழு பேர். என் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பொரியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு உலக நிலைமையில் தொடங்கினார்கள். ஆலைக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

"பௌதி, இன்னும் ரெண்டு பச்சமிளகா" என்று அண்ணி முறை வைத்து என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்ட தோழர் நிருபம், அதே மூச்சில் திரும்பிச் சொன்னார்: "முதலாளித்துவ அரசு ஆலையைத் திறந்து குடுத்தா, தொழிலாளியோட போர்க்குணம் மழுங்கிடும், தோழர்களே!"

என்னால் பொறுக்க முடியவில்லை. "இத்தனை வருஷமா அதைத்தானே கேட்டீங்க?"

"கேக்கறது போராட்டம், பௌதி. வாங்கிக்கிட்டா சமரசம்."

"அப்ப என் தம்பி எதைத் திம்பான்? போர்க்குணத்தையா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, உடனே இருமுவதுபோல் காட்டிக்கொண்டார். வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு மூன்று. தலைவர் என்ற முறையில் இவர் கைதான் பாக்கி. என்னைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். வேண்டாம் என்ற பக்கம் கையைத் தூக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த சுற்று டீக்குச் சர்க்கரையே போடவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை.

சரி, ஆதரவையாவது நிறுத்தினார்களா? அதுவும் இல்லை. இந்த அரசு விழுந்தால் இதைவிட மோசமானவர்கள் வந்துவிடுவார்களாம். ஆகவே நிபந்தனையற்ற ஆதரவு. அந்தத் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது. செய்தி கேட்ட அமைச்சருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்திருக்கும்.

மறுநாள் போரா கொஞ்சம் கடுகெண்ணெய் கேட்டு வந்தார். "நீங்க என்ன கேட்டு வாங்கினீங்க?" என்றேன்.

"எனக்குக் கொள்கை கிள்கையெல்லாம் தெரியாது, பௌதி. எங்க ஊர் ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸ் நிக்கணும்னு சொன்னேன். உடனே ஆர்டர் போட்டுட்டாங்க. ரெண்டு நிமிஷம் நிக்கும்."

"இவ்வளவுதானா?"

"வண்டி நின்னா டீ விக்கலாம், பழம் விக்கலாம், மூட்டை தூக்கலாம். நாலு குடும்பம் பொழைக்கும். உங்க தம்பி சும்மாதானே இருக்கார்? அனுப்பி வைங்க, நான் பாத்துக்கறேன்."

அரசு பிழைத்தது. ஆலை வாசலில் புது உண்ணாவிரதத்துக்குப் பந்தல் போட்டார்கள். அதே வாரம் ஹராதனை அசாமுக்கு வழியனுப்ப, ஊருக்கு வந்திருந்த நாங்கள் ஹவுரா ஸ்டேஷனுக்குப் போனோம். ஊரில் விட்டுப்போகும் மகளின் தலையை ஜன்னல் வழியாகத் தடவிக்கொண்டே இருந்தான்.

இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஹராதன், போனதும் பிளாட்பாரத் தொழிலாளிகளைச் சேத்து ஒரு சங்கம் ஆரம்பி. நானே வந்து தொடங்கிவச்சுப் பேசறேன்."

"வாங்க, ஜாமாய்பாபு" என்றான் தம்பி. "ஆனா சுருக்கமாப் பேசணும். வண்டி ரெண்டு நிமிஷந்தான் நிக்கும். அதுக்குள்ள நான் டீ விக்கணும்."