சாம்பலர் கேட்ட மன்னிப்பு

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூச்சிமருந்து. நாங்கள் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டில் எங்கே ஓட்டை, எங்கே 'பூச்சி' என்கிற பிழை என்று தேடிப் பிடிப்பது என் வேலை. விண்வெளியில் கோள்களைப் பிடித்து, படை திரட்டி, வேற்றுக்கிரகத்தாரோடு பேரம் பேசி ஆளுகிற விளையாட்டு அது. அந்த வேற்றுக்கிரகத்தார் முதல் சந்திப்பில் என்ன பேசுவார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்றெல்லாம் எழுதுகிறவர் என் கணவர். அவருக்கு வைத்த பெயர் கவிஞர். கடிக்க வரும் ஜந்துகூட அவர் கையில் சிக்கினால் நாலு வரி உருகிப் பேசிவிட்டுத்தான் கடிக்கும்.

இப்போது நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் எதிரெதிர் மேசைதான். நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி. அது இல்லாவிட்டால் நாள் முழுக்க அவர் முகத்தில்தான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை தங்கியிருந்தது. ஸ்கேனில் ஒரு புள்ளியாகத் தெரிந்ததால் அதைப் பொட்டு என்று கூப்பிட்டோம். பெயர் வைத்ததும் அவர்தான். ரத்தத்தைப் பார்த்த அன்று அவருக்குப் போன் செய்தேன். "இதோ கிளம்பிட்டேன்" என்றார். அன்று விளையாட்டின் வெளியீடு. அலுவலகத்திலிருந்து மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. எல்லாம் முடிந்து, நர்ஸ் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுப் போன பிறகு, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றார். அந்தப் பழங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் செடிக்கு மேலே தலையை நீட்டினார்.

"புதுசா ஒரு இனம் எழுதியிருக்கேன். சாம்பலர்னு பேரு. நீதான் முதல்ல பாக்கணும்."

"வரிசைப்படி வரும். பாக்கறேன்."

"அதுல இருக்கறது உனக்காக எழுதினது. வாயால சொல்ல எனக்கு வரல. பாத்துட்டு, வீட்டுக்கு வர்றியா இல்லையான்னு சொல்லு. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

இன்று காலை பையில் துணிகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி பார்த்தாள்.

"மனசு இளகிடுச்சு போல."

"இன்னும் பாக்கவே இல்லக்கா."

"பாக்காமலே பையா? நடத்து."

பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன். முதலில் குடியேறும் கோளுக்குப் பெயர் கேட்டது. வழக்கமாக ஏதாவது கிறுக்கிவைப்பேன். இன்று என் விரல்கள் பொட்டு என்று அடித்தன. அழிக்க மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள் வந்தன. திரையில் அவர்கள் பேசும் பெட்டி திறந்தது. "நீங்கள் கூப்பிட்டபோது நாங்கள் வரவில்லை. எங்கள் வேலைதான் உலகம் என்று இருந்துவிட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் விளக்குப் போடுவதில்லை. மன்னிப்பீர்களா?"

ஆட்டத்தில் அவர்களை யாரும் கூப்பிடவே இல்லை. வேறு யார் விளையாடினாலும் தலையும் புரியாது, வாலும் புரியாது. எனக்குப் புரிந்தது. செடிக்கு அந்தப் பக்கம் அவர் எதையோ தட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். "மன்னித்தோம்" என்பதை அழுத்தினேன். சாம்பலர் நட்பு நாடானார்கள். பையின் வாரைக் காலால் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அங்கேயே எழுந்திருக்கலாம். ஆனால் பிடித்த வேலை விடுமா? நட்பு கிடைத்தால் அது தாங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எதிரிப் படையைப் பொட்டுவின் மேல் ஏவிவிட்டு, நண்பர்களை உதவிக்கு அழைத்தேன். பக்கத்துக் கோளில் நின்ற சாம்பலர் கப்பல்கள் அசையவில்லை. "பொட்டு வீழ்ந்தது" என்று திரை சொன்னது. மறுபடி ஆடினேன். மறுபடியும் வீழ்ந்தது.

இனத்தின் நடத்தை அட்டவணையைத் திறந்து பார்த்தேன். புது இனத்தை யாரும் அடியிலிருந்து செய்வதில்லை. பழைய இனம் ஒன்றை நகல் எடுத்து, வேண்டியதை மாற்றுவோம். இவர் எடுத்தது சண்டையே போடாத வியாபாரி இனம். பேச்சை ஒரு வரி விடாமல் மாற்றியிருந்தார். நடத்தையைத் தொடக்கூட இல்லை. "நண்பர் அழைத்தால்" என்பதற்கு எதிரே "பொருட்படுத்தாதே" என்று அப்படியே கிடந்தது.

"இங்க கொஞ்சம் வாங்க" என்றேன்.

வந்தார். என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அட்டவணையைப் பார்த்தார். "அய்யோ, அதை மறந்தே போயிட்டேன். இரு, ஒரு நிமிஷ வேலை." என் தோளுக்கு மேலாகக் குனிந்து "உடனே போ" என்று மாற்றினார். அதே சோப்பு வாசனை.

மறுபடி ஓட்டினேன். கப்பல்கள் இந்த முறை கிளம்பின. ஆனால் வேகமும் வியாபாரிகளுடையதுதான், மூட்டை சுமக்கிற வேகம். பொட்டு எரிந்து முடிந்த பிறகு வந்து, வெறும் பாறையைச் சுற்றி நின்றன. பெட்டி திறந்தது. "கவலை வேண்டாம், நாங்கள் வந்துவிட்டோம்."

"வேகத்தையும் கூட்டணும், அவ்வளவுதான். அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். திரையில் இருந்த பெயரை அப்போதுதான் படித்தார்.

"பொட்டுன்னா வச்சே?"

அவர் கை விசைப்பலகை மேல் அப்படியே கிடந்தது.

"கூட்டுங்க" என்றேன்.

கூட்டினார். ஓட்டினேன். கப்பல்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எதிரிகள் ஓடினார்கள். "பொட்டு காப்பாற்றப்பட்டது" என்று வந்தது. குட்டிக் குட்டியாக விளக்குகள் எரிய, அது சுற்றிக்கொண்டிருந்தது.

கவிஞர் அழுதார். சுற்றிலும் ஆட்கள் இருக்க, என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதார். அன்று மருத்துவமனையில் ஒரு சொட்டுக்கூட விடாதவர். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவும் இல்லை. நானும் அழுதேன். அவர் கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

"சரியாயிடுச்சுல்ல?" என்றார், மூக்கை உறிஞ்சியபடி.

"இதுல சரியாயிடுச்சு."

வேலைப் பட்டியலில் சாம்பலருக்கு எதிரே "சரி" என்று குறித்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனேன்.