வட்டம் என்று அச்சான வரி

1
சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில், பக்கத்து மேசைக்காரி மார்லிஸ் திரையை முறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில். ‘ஏரியிலிருந்து பனிமூட்டம் எழுந்து—’

(வேண்டாம். இந்த ஊர்க் கதை எல்லாமே அப்படித்தான் தொடங்குகிறது.)

2
மார்லிஸின் கணினி நிரல் சிறுநீரகம் மாற்றிக்கொள்ளும் ஜோடிகளைச் சேர்த்துவைப்பது. ஆர்டித் தன் கணவன் ரென்னிக்குக் கொடுக்கத் தயார், ரத்தம் ஒத்துப்போகவில்லை. அவள் வேறொரு நோயாளிக்குக் கொடுத்தால், அவருக்குக் கொடுக்க முன்வந்த ஆள் இன்னொருவருக்குக் கொடுப்பார், இப்படியே போகும். மதியம் சேர்ந்த ஜோடிகளின் பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதில் ரென்னி இல்லை. அடுத்த சுற்றுவரை அவன் தாங்கமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

3
மார்லிஸ் தரவைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தாள். ரென்னிக்குள் ஆர்டித், அவளுக்குள் அவள் கொடுக்கவிருக்கும் ஒரு மீனவர், அவருக்குள் ‘ஆப்ஜெக்ட்’ என்று ஒற்றைச் சொல். (ஒன்றுக்குள் ஒன்றாக ஆழம் கூடினால் அச்சிடும் கருவி உள்ளே இருப்பதைக் காட்டாமல் அப்படித்தான் வாயை மூடிக்கொள்ளும். எங்களில் பாதிப்பேர் அதோடு காபி குடிக்கப் போய்விடுவோம்.) அவள் ஆழத்தின் வரம்பை எடுத்துவிட்டு மறுபடி அச்சிட்டாள். வரிகள் உள்ளே உள்ளே தள்ளி இறங்கின: மீனவருக்காக முன்வந்த தங்கை, அவள் கொடுக்கவிருக்கும் தபால்காரி, தபால்காரிக்காக முன்வந்த தோழன். தோழன் கொடுக்கும் இடத்தில் ‘வட்டம்’ என்றிருந்தது. ஏற்கெனவே அச்சிட்டவரே மறுபடி வந்தால் கருவி போடும் சொல் அது.

கூட வேலை செய்யும் லீஃப் எட்டிப் பார்த்தான்.

“தன்னையே சுத்திக்கிட்டு வருது பாரு, பழுது. அத வெட்டி விடு, மார்லிஸ்.”

சுற்றிவரும் தரவை வெட்டுவது எங்கள் கைப்பழக்கம். நிரலும் அப்படித்தான் வெட்டியிருந்தது; ரென்னி காணாமல் போனது அதனால்தான்.

“வெட்டாதடா. கடைசி ஆளு யாருக்குக் குடுக்கிறான்னு பாரு. ரென்னிக்கு.”

முகம்கூடத் தெரியாத மனிதர்கள், ஒருவருக்குள் ஒருவராக இறங்கிப்போய், கடைசியில் முதலாமவனின் உடம்பில் வந்து சேர்கிறார்கள். லீஃப் தொப்பியைக் கழற்றி—

(பொய். அவனுக்குத் தொப்பியே கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.)

4
மார்லிஸ் நிரலைத் திருத்தினாள். பட்டியல் நேரத்துக்குப் போனது.

ரென்னி பிழைத்தான் என்று ஒரு முடிவு எழுதினேன், கிழித்தேன். இறந்தான் என்று எழுதக் கை வரவில்லை. ஒருவர் மறுத்தாலும் வட்டம் முழுதும் போச்சு, மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார்கள். ஆர்டித் சரி என்றாள். மீனவரின் தங்கை அழுதுகொண்டே சரி என்றாள். மிச்சம் தபால்காரியின் அந்தத் தோழன். அவனைச் சரி சொல்லவைப்பது எனக்குச் சுலபம். அறுக்கப்போவது என் வயிற்றை இல்லையே.

அதனால் அந்தத் தோழன் நீங்கள். மணி அடிக்கிறது, எடுங்கள்.