பின்னால் பீச்சிய தண்ணீர்

படகுத்துறையில் எல்லோரும் அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆள் குடையைக்கூட விரிக்க முடியாத படகு. அதற்கு அவன் கேப்டன். கழிமுகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றி இறக்குவான்.

அன்று மத்தியானம் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கழிமுகத்துத் தண்ணீர் வற்றிக் கடலுக்குள் இறங்கும் நேரம். நீரோட்டம் படகை முகத்துவாரம்வரை இழுத்துப்போய் அலையில் கவிழ்த்தது. மறுநாள் படகு கிடைத்தது, எஞ்சின் கிடைத்தது, கடைசியாக அவனும் கிடைத்தான்.

எஞ்சின் நிற்பதற்குக் கொஞ்சம் முன்புவரை அவன் காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கரையில் நின்றவர்கள் பார்த்திருந்தார்கள். மறுமுனையில் பேசியது அவன் மனைவி.

"எஞ்சினுக்குப் பின்னாடி ஊசி மாதிரி தண்ணி பீச்சும். அதைப் பார்த்துக்கிட்டே ஓட்டணும். அது நின்னா எஞ்சின் வெந்துடும்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் மாமனார் சொன்னார். "பொண்டாட்டி போன் பண்ணினா அவன் எதைப் பார்ப்பான்?"

அதன் பிறகு அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எது வேண்டுமானாலும் சுவரிடம் சொல்வார். "மாத்திரை தீர்ந்துபோச்சு" என்பார் சுவரைப் பார்த்து. அவள் வாங்கி வந்து தலைமாட்டில் வைப்பாள். அந்த வீட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான்.

அச்சகத்தில் அவளுக்கு பைண்டிங் வேலை. தாள்களை மடித்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணீரைப் பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் எஞ்சினை அணைத்து நங்கூரம் போட்டிருப்பாரா? ஒருநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மெக்கானிக்கின் கொட்டகைக்குப் போனாள். கரை சேர்ந்த எஞ்சின் அங்கேதான் பிரித்துப் போடப்பட்டிருந்தது.

மெக்கானிக் அவள் கணவனோடு சுற்றியவன். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"உள்ள தண்ணி எப்படிப் போகுது, எப்படி வருது, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு தம்பி."

"எதுக்கு அண்ணி இப்போ அதெல்லாம்?"

"சொல்லேன்."

அவன் எஞ்சினின் அடியில், தண்ணீருக்குள் இறங்கும் கால்பகுதியைத் தூக்கிக் காட்டினான். "இதுக்குன்னு தனியா ரேடியேட்டர் கிடையாது. படகு ஓடுற தண்ணியையே குடிச்சு, உடம்பைக் குளிப்பாட்டிக்கிட்டு, வெளிய துப்பிடும். இந்தக் கீறல் வழியா உள்ள வரும். இதோ, இந்த ரப்பர் சக்கரம் சுத்தி அதை மேல தள்ளும்."

சக்கரத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான். அதன் இதழ்களை அவள் விரலால் வளைத்துப் பார்த்தாள். விட்டதும் நிமிர்ந்தன.

"இது நல்லா இருக்கே?"

"புதுசு மாதிரி இருக்கு. மேல போன தண்ணி சிலிண்டரைச் சுத்திவரும். உச்சியில குட்டியா ஒரு கதவு இருக்கு. சூடேறினா அது திறக்கும். திறந்தாத்தான் தண்ணி சுத்தி முடிச்சு வெளிய போகும்."

"பின்னாடி பீச்சுறது எது?"

"அது கதவுக்கு முன்னாடியே பிரியிற கிளைக்குழாய். பம்ப் ஓடுதுன்னு நமக்குக் காட்டத்தான்."

"அன்னைக்கு அது நின்னுபோச்சா?"

அவன் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து அந்தக் குழாயில் ஊற்றினான். மறுபக்கம் தடையில்லாமல் ஒழுகியது. பிறகு எஞ்சினின் தலைப்பகுதியைத் திருப்பினான். கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இறுகிக் கிடந்தது.

"உப்பு, அண்ணி. கதவு மூடினது மூடினபடியே நின்னுடுச்சு. உள்ள வெந்துக்கிட்டு இருக்கு, வெளிய தண்ணி ஜோரா பீச்சுது. அண்ணன் கண்ணை எடுக்காம பார்த்திருந்தாலும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் நினைச்சிருப்பார்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். அவள் மறுபடியும் கேட்டாள். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. "போன் பேசினதால இல்ல அண்ணி" என்றான்.

அவள் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினாள். "உப்பு ஏன் படிஞ்சது?"

"உப்பு கழுவிப்போக, தினம் சாயங்காலம் நல்ல தண்ணி டிரம்முல மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட்டணும். அண்ணனோட அப்பாதானே பண்ணுவார்? விட்டுட்டாரோ என்னவோ."

வீடுவரை அவள் நடக்கவில்லை, கோபம்தான் அவளை இழுத்துப்போனது. கேட்கவேண்டியதையெல்லாம் வாய்க்குள்ளேயே கேட்டுப் பார்த்தாள். நீங்கதானே, நீங்கதானே மாமா. தெருமுனைக் குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் கால் தயங்கியது. இந்தக் கோடையில் குழாய் வற்றியபின், வீட்டுக்கே தண்ணீர் பத்தாமல்தான் அவர் டிரம்மை நிரப்புவதை விட்டிருந்தார். குடம் சுமந்தே அவள் இடுப்பு ஒடிகிறது என்று அவரே சொன்னார். காலி டிரம்மைக் கடந்துதான் அவளும் தினம் வேலைக்குப் போனாள். அவள் கணவனும்தான்.

மாமனார் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் சுவருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"மெக்கானிக்கைப் பார்த்துட்டு வரேன் மாமா. தண்ணி பீச்சிக்கிட்டேதான் இருந்திருக்கு. அவர் பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

கிழவர் நிமிர்ந்தார். "அப்புறம் ஏன் வெந்துச்சு?"

"உள்ள ஒரு கதவு இருக்காம். அது மாட்டிக்கிச்சு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் படகு ஓட்டியவர்தான்.

"உப்பா?" என்றார்.

"இல்ல மாமா." அவள் குரல் பிசிறவில்லை. "ஸ்பிரிங் தேஞ்சிடுச்சாம். பழைய எஞ்சின்தானே."

அவர் நம்பினாரோ இல்லையோ, மேற்கொண்டு கேட்கவில்லை. கட்டிலின் ஓரத்தைத் தட்டி, "உட்காரும்மா" என்றார். உட்கார்ந்தாள்.

"என்னதான் பேசினான் அன்னைக்கு?"

இத்தனை நாளில் யாருமே அவளிடம் அதைக் கேட்கவில்லை.

"அவர்தான் கூப்பிட்டார். அக்கரைக் கடையில உங்களுக்குச் செருப்பு பார்த்து வச்சிருந்தாராம். என்ன சைஸ்னு கேட்டார். நான் ஏழுன்னேன். அவர் எட்டுன்னார். எங்க அப்பா கால் எனக்குத் தெரியாதான்னு கோவிச்சுக்கிட்டு வச்சிட்டார்."

கிழவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"எட்டுதான்மா" என்றார். பிறகு இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.