தாளைப் பார்க்காமல் வரைந்த முகம்

மழை விட்ட வெளிச்சம். ஓவிய அறையின் ஜன்னல் வழியே சாய்ந்து இறங்கி, தூரிகை கழுவிய தண்ணீர் டம்ளர்களில் போய் நின்றது. ஒன்றில் நீலம். ஒன்றில் செம்மண். ஒன்றில் பெயர் தெரியாத ஏதோ ஒரு நிறம்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் ஏழாம் வகுப்புக்கு ஓவியம். தங்கமாரி வாரம் முழுக்கக் காத்திருப்பது இதற்குத்தான்.

ரெஜினா மிஸ் பெயர் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஜோடி சேர்த்தார். தங்கமாரி சீட்டைப் பிரித்தாள். அமலோற்பவி. அமலி.

நாற்பது நாளாகப் பேச்சில்லை. கோ-கோ இறுதி ஆட்டத்தில் தங்கமாரி இடறி விழுந்தாள். "உன்னாலதான் தோத்தோம்" என்றாள் அமலி, எல்லோர் முன்னாலும். அன்றிலிருந்து வெவ்வேறு பெஞ்சு. தண்ணீர்க் குழாய்க்குக்கூட வெவ்வேறு நேரம்.

இந்த வாரம் இன்னும் மோசம். அமலி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே திரிந்தாள். யாரோடும் பேச்சில்லை, சிரிப்பில்லை. திமிர், என்று நினைத்துக்கொண்டாள் தங்கமாரி.

இப்போது எதிரெதிரே இரண்டு ஸ்டூல். நடுவே ஒரு மேசை.

"எதிரே இருக்கிற முகத்தை மட்டும் பாருங்க" என்றார் மிஸ். "தாளைப் பார்க்கக் கூடாது. பென்சிலைத் தாள்லேருந்து எடுக்கவும் கூடாது. பத்து நிமிஷம்."

பார்க்கத்தான் வேண்டும். வேறு வழியில்லை.

நெற்றியில் தொடங்கினாள். பென்சில் எறும்பு போல ஊர்ந்தது. இடது புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு. அது அப்படியே இருந்தது. கண்ணுக்கு வந்தாள். அந்தக் கண்ணும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இருவராலும் திரும்ப முடியவில்லை.

மூக்கு. கன்னம். பிறகு உதடு. மேலுதடு லேசாக முன்னால் தள்ளியிருந்தது. முன்பு இப்படி இல்லையே. பென்சில் அங்கேயே தயங்கியது.

"போதும், பாருங்க" என்றார் மிஸ்.

பார்த்தார்கள். தங்கமாரியின் தாளில் ஒரு கண் முகத்துக்கு வெளியே கிடந்தது. மூக்கு காதுக்குப் பக்கத்தில். அமலியின் தாளில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு கத்தரிக்காய்.

"ஏட்டி, இதுவா என் மூக்கு?" என்றாள் அமலி.

தங்கமாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அமலியும் சிரித்துவிட்டாள். கை வாயை மூடப் போனது. போய்ச் சேருவதற்குள் வெளிச்சம் முந்திக்கொண்டது. பல் நெடுகக் கம்பி. வரிசையாக மின்னியது.

"எப்பட்டி போட்டாங்க?"

"திங்கக்கிழமை." கை வாயை விட்டு இறங்கவில்லை. "சிரிச்சா எல்லாரும் பாப்பாங்கல்லா."

"வலிக்கா?"

"சோறே தின்ன முடியல."

அமலி டம்ளர் தண்ணீரைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அன்னைக்கு ஆட்டத்துல நானும்தான் ஒருத்தியையும் தொடல. எல்லாத்தையும் உன் மேல போட்டுட்டேன்."

தங்கமாரி புதுத் தாள் ஒன்றை இழுத்து மேசையில் வைத்தாள்.

"கைய எடு. இன்னொரு தடவ வரையணும்."

அமலி யோசித்தாள். கையை எடுத்தாள். பிறகு பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள், தாடை வலிக்க வலிக்க. தங்கமாரி தாளைப் பார்க்கவே இல்லை; பென்சில் ஒவ்வொரு பல்லாக, ஒவ்வொரு கம்பியாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது.