சகலையின் சைக்கிள்

அந்தத் தெருவில் திருட்டுப் போன சைக்கிள்கள் மறுநாள் விடிவதற்குள் தாமாகவே வீடு திரும்பத் தொடங்கிய வருடம், பூட்டுக்கடைக்காரர் கடைக்குப் பூட்டு வாங்க வந்தவர்களைவிட மழைக்கு ஒதுங்க வந்தவர்களே அதிகம். முதலில் திரும்பியது தையல்காரருடையது. சந்தைக்கு வெளியே நிறுத்தியிருந்ததை எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். காலையில் பார்த்தால் வாசலில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது, சீட்டு மட்டும் பனியில் நனைந்திருந்தது. அடுத்து நர்ஸம்மாவுடையது. அதைத் திருடியவன் விவரமான ஆள், அன்றைக்கே பிரித்துப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டான். அதனால் அது தவணை முறையில் வந்து சேர்ந்தது. சக்கரங்கள் இரண்டும் முதல் நாளே உருண்டு வந்துவிட்டன. ஃபிரேம் குப்பை லாரியில் தொற்றிக்கொண்டு வந்தது. செயின் ஊர்ந்துதான் வர முடியும் என்பதால் வாரக் கடைசி ஆகிவிட்டது. சைக்கிள் சாமான் இனி வாங்குவதில்லை என்று பழைய இரும்புக்காரர் பலகை மாட்டினார். வாங்கி வைத்தால் தகரக் கதவை இடித்துக்கொண்டே இருக்கின்றன, மனுஷன் தூங்க வேண்டாமா என்று கேட்டார்.

காரணம் தெருவுக்கே தெரிந்ததுதான். முனையில், அச்சகம் மூடிப்போன கட்டடத்தில், பொதுப் பட்டறை ஒன்று நடந்தது. ஆளுக்கொரு ஸ்பேனர், ஆளுக்கொரு திருப்புளி கொண்டுவந்து போட்டு ஆரம்பித்த இடம். அங்கே யாரும் யாருக்கும் ரிப்பேர் செய்து கொடுப்பதில்லை. சைக்கிளைக் கொண்டுவந்தவரே கடைசிப் பால்ஸ் குண்டு வரை கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துத் தன் கையால் மாட்ட வேண்டும். தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று வாயால் சொல்வார்கள், அவ்வளவுதான். அப்படி ஒவ்வொன்றாக மாட்டி முழுசாகப் பூட்டப்பட்ட சைக்கிள் தன்னைப் பூட்டிய கையை மறக்காது. எவன் எங்கே கொண்டுபோனாலும் அந்தக் கை இருக்கும் வீட்டைத் தேடி வந்துவிடும். மாட்டிக்கொண்ட திருடர்களை அங்கே அடிக்கவும் மாட்டார்கள். கழிவுக் குவியலைக் காட்டி, உனக்கு ஒன்று நீயே செய்துகொள் என்பார்கள். சொந்தமாக ஒன்று வந்தபின் அவர்கள் அடுத்தவன் சைக்கிளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தெருவிலேயே சுத்தமாகச் சக்கரக் கோட்டம் எடுப்பவர் பழைய திருடர் ஒருவர்தான்.

இதையெல்லாம் பூட்டுக்கடைக்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். பட்டறையை ஆரம்பித்தவர் அவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு வேலையிலும் காலூன்றாத ஆள் அந்தச் சகலை. கல்யாணத்தின்போது, "நம்ம பூட்டுக்கடை மாப்பிள்ளை மாதிரி இவரும் ஒரு தொழில்ல உட்கார்ந்தா தேவலை" என்று மாமியாரே சொன்னதுண்டு. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பூட்டுக்கடைக்காரர் பல வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டார். இப்போது மாமியார் போன் செய்தால் முதல் கேள்வி, "சின்ன மாப்பிள்ளை பேரு பேப்பர்ல வந்துச்சாமே, பார்த்தீங்களா?" பார்த்திருந்தார். பக்கத்தை மடித்துக் கடையில் எண்ணெய் துடைக்க வைத்திருந்தார்.

சகலையின் வீடு அதே தெருவில், எதிர்ச் சாரியில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. காலையில் அவர் பெல் அடித்தபடி பட்டறைக்குப் போவார். வாசலுக்கு வாசல் யாராவது கையைத் தூக்குவார்கள். பூட்டுக்கடைக்காரருக்குச் சகலையின் சிரிப்பு பிடிக்காது, சட்டைக் கையை மடித்துவிடும் விதம் பிடிக்காது, அந்தப் பெல் சத்தம் அறவே பிடிக்காது. இத்தனைக்கும் சகலை அவரிடமே ஒரு பூட்டு வாங்கித்தான் தன் சைக்கிளுக்குப் போட்டிருந்தார். ஒருநாள் கடையேறி வந்து, "அண்ணே, பட்டறையில ஒரு மூலை காலியா கிடக்கு. உங்க பூட்டை அங்க வைங்க. என்னதான் திரும்பி வந்தாலும் ஒருநாள் பொழப்பு போகுதில்ல, பூட்டு வேணும்தான்னு வர்றவங்ககிட்ட நானே சொல்றேன்" என்றார்.

"என் பூட்டு இன்னும் மூலையில உட்கார்ற நிலைக்கு வரல, தம்பி."

"அதுக்குச் சொல்லலண்ணே."

"எதுக்குச் சொன்னாலும் சரி. வெயிலை மறைக்காம நில்லு."

அதற்குமேல் இன்னொன்று நடந்தது. பூட்டுக்கடைக்காரரின் மனைவி பட்டறைக்குப் போக ஆரம்பித்தாள். தங்கையோடு வேடிக்கை பார்க்கப் போனவள் மறுநாளும் போனாள். அந்த வருடம் முழுவதும் போனாள், அடுத்த வருடமும் போனாள். சாயங்காலம் திரும்பும்போது நகக்கண்ணில் கறுப்பும் புடவையில் மண்ணெண்ணெய் வாசமும் இருக்கும். சோறு போடும்போதும் பட்டறைப் பேச்சுதான். சக்கரத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டால் சக்கரம்தான் மிஞ்சும், ஃபிரேமையும் சேர்த்துக் கம்பத்தோடு கட்ட வேண்டும் என்றாள். முப்பது வருடமாகப் பூட்டு விற்கிறவரிடம்.

"யாரு, அவன் சொன்னானா?"

"எவன்?"

"உன் தங்கச்சி புருஷன்."

"அவருக்கு அதெல்லாம் எங்கங்க தெரியும்" என்று சிரித்துவிட்டு மோர் ஊற்றினாள். அந்தச் சிரிப்பை அவர் படுக்கையில் புரண்டு புரண்டு ஆராய்ந்தார். மறைக்க ஏதோ இருப்பவள்தான் அப்படிச் சிரிப்பாள் என்று முடிவுக்கு வந்தார். பொறாமைக்குக் காது உண்டு, ஆனால் அதற்கு வேண்டியதை மட்டும்தான் அது கேட்கும்.

முடிவெடுத்தபின் அவர் தாமதிக்கவில்லை. சகலையின் சைக்கிள் காணாமல் போக வேண்டும், திரும்பி வராமல் இருக்க வேண்டும். ஊருக்கே உபதேசம் செய்கிறவன் நடந்து போக வேண்டும், அதை மனைவி பார்க்க வேண்டும். விற்ற பூட்டுக்கெல்லாம் மாற்றுச்சாவி ஒன்று அவரிடம் இருக்கும். நட்ட நடு மத்தியானம், சகலை தபால் ஆபீசுக்குள் நுழைந்ததும், சொந்தப் பொருளை எடுப்பவர்போலத் திறந்து ஏறி மிதித்தார். சந்தைக்குப் போன பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்று கையை இழுப்பதுபோல ஹேண்டில்பார் தெருப்பக்கமே இழுத்தது. முழங்கை வலிக்க வலிக்க அதை லாரி ஷெட் வரை கொண்டுபோய், துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரியின் மேல் போட்டார். அங்கேதான் ஒரு தப்பு செய்தார், அவரைத் தவிர உலகத்தில் எந்தத் திருடனும் செய்யாத தப்பு. சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. கடைக்கு ஓடினார். கண்ணாடிப் பெட்டிக்குள் வருடக்கணக்காக இருந்த, கடைப் பெயர் பொறித்த, ஊரிலேயே கனமான பூட்டைக் கொண்டுவந்து ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டினார். சாவியை இடுப்புக் கொத்தில் கோர்த்துக்கொண்டார். காலம் கெட்டுக் கிடக்கிறது, எவனாவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

மறுநாள் சைக்கிள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சகலை நடந்து போனார். தெரு முதலில் முணுமுணுத்தது, பிறகு பூட்டு வாங்க வந்தது. தையல்காரரே வந்தார். பூட்டுக்கடைக்காரர் விசில் அடித்தபடி எண்ணெய் போட்டுக் கொடுத்தார். ஆனால் சந்தோஷம் முழுசாக இல்லை. சகலை நடந்து போகிறாரே என்று ஆளாளுக்குத் தங்கள் கேரியரில் ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பரிதாபத்தில்கூடத் தனக்கு ஒரு பங்கு வரவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. மனைவி வேறு அந்த நாட்களில் விடியற்காலையிலேயே எழுந்து ஜன்னலைத் திறந்து தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரைத் தேடுற?"

"யாரையும் இல்லைங்க. எங்கயோ தப்பு நடந்திருக்கு, அதான் யோசிக்கிறேன்."

அவர் இடுப்புக் கொத்தில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாதம் திரும்பிய ஒரு காலை, வாயில் பேஸ்ட் நுரையோடு வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். அந்த ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்தபடி சகலையின் சைக்கிள். ஸ்போக் கம்பிகளில் உப்புப் பூத்திருந்தது. கேரியரில் ஏதோ பறவை கூடு கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தது. பின்டயர் தேய்ந்து ரிம் தெரிந்தது, ஏனென்றால் சக்கரம் இன்னும் பூட்டியேதான் இருந்தது. துறைமுகத்திலிருந்து அவர் வீட்டு வாசல் வரை ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. அதை இழுத்தபடியே வந்திருக்கிறது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு நொடி அவருக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குள் பால்காரம்மா பார்த்துவிட்டாள், நர்ஸம்மா பார்த்துவிட்டாள். ஊரான் சைக்கிள் இந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஏன் நிற்கிறது என்று தெரு யோசிக்க ஆரம்பித்தது. அவரே அதைத்தான் யோசித்தார். நகர்த்திப் பார்த்தார், மலைபோல அசையவில்லை. மனைவி வெளியே வந்தாள். சீட்டைத் தொட்டாள். அது தானாக நிமிர்ந்து ஸ்டாண்டு போட்டு நின்றது.

"வந்துட்டியா" என்றாள் சைக்கிளிடம். பிறகு பூட்டைப் பார்த்தாள். பிறகு அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"சாவியைக் குடுங்க."

கொடுத்தார். திறந்தது.

"இந்தச் சைக்கிளைக் கழற்றி மாட்டிப் பூட்டினது நான். உங்க சகலைக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது. பேசுவார், ஆளைக் கூப்பிடுவார், இடத்துக்கு அலைவார், அவ்வளவுதான். சொல்லிக் குடுக்கறது எல்லாருக்கும் நான்தான். தெருவுல உங்களைத் தவிர அத்தனை பேருக்கும் தெரியும்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"எத்தனை தடவை சொன்னேன். உங்க காது அவர் வீட்டுலயே இருந்துச்சு."

இத்தனை வருடமும் தப்பான ஆளைப் பார்த்து வெந்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. இதுவரை எரிந்ததெல்லாம் வீண். அதை நினைத்தும் கொஞ்சம் எரிந்தது. மனைவி ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை வீடு என்றால் சகலை வீடு. வேறு எங்கே போயிருந்தாலும் தாங்கியிருப்பார்.

சாயங்காலம் எதிர்ச் சாரிக்குப் போய்க் கதவைத் தட்டினார். தங்கைதான் திறந்தாள். "அக்கா உங்களைப் பார்க்க மாட்டாளாம், மாமா. ஆனா காப்பி குடிச்சுட்டுப் போகணுமாம்" என்றாள். வாசலிலேயே நின்று குடித்தார். உள்ளே மனைவியும் சகலையும் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. காப்பி நன்றாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, "அவ எப்ப வீட்டுக்கு வருவாளாம்?" என்று கேட்டார். "பட்டறைக்கு வந்தா சொல்றாளாம்" என்று பதில் வந்தது.

அவர் அதுவரை பட்டறை வாசற்படி மிதித்ததில்லை. போனபோது சகலையின் சைக்கிள் கடைசிப் பால்ஸ் வரை பிரிக்கப்பட்டுச் சாக்கில் பரப்பிக் கிடந்தது. வழக்கப்படி திருடர் கழிவுக் குவியலில் இருந்துதான் தனக்கொன்று செய்துகொள்ள வேண்டும். ஆனால் அன்று மனைவி புதிதாக ஒரு தீர்ப்பு சொன்னாள். எடுத்துக்கொண்டு போனவரும், தன் சைக்கிளைத் தானே மாட்டாமல் ஊருக்குப் புத்தி சொன்னவரும் சேர்ந்து இதை மாட்ட வேண்டும். தன் கை இதில் படாது. ஓடுகிற நிலைக்கு வந்ததும் வீட்டுக்கு வருவாள்.

சகலைகள் இருவரும் எதிரெதிரே குந்தினார்கள். ஒருவர் முன்சக்கரம், ஒருவர் பின்சக்கரம். இருவருக்கும் ஸ்போக் கம்பி கையைக் கிழித்தது.

"அண்ணே, அந்த நட்டு என்னோடது."

"பேரு எழுதியிருக்கா?"

"பேசாம மாட்டுங்க ரெண்டு பேரும்" என்று மனைவி தலைக்கு மேலிருந்து சொன்னாள். "அவர் பக்கம் கோட்டம் கம்மியா இருக்கு, உங்க பக்கத்தைப் பாருங்க." எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. இருவரும் அன்று இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பூட்டுக்கடைக்காரர் வாழ்க்கையில் அப்படி வேலை பார்த்ததில்லை. பூட்டு மூடினால் முடிந்தது. சக்கரம் அப்படி இல்லை, ஒரு கம்பியை இழுத்தால் எதிர்க்கம்பி கோபித்துக்கொள்கிறது. அறுவடைக்காலம் போய் மழைக்காலம் வந்தபோதுதான் சைக்கிள் ஓடியது. அன்றே மனைவி பையோடு வீட்டுக்கு வந்தாள். சமாதானம் என்று எதுவும் சொல்லவில்லை. தங்கை வீட்டுக் கட்டில் ஆடுகிறது, அந்த மனுஷன் அதைக்கூட முடுக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். பூட்டுக்கடைக்காரர் அன்று இரவே தங்கள் கட்டிலை நான்கு காலும் முடுக்கினார்.

சைக்கிளைச் சகலை ஓட்டிக்கொண்டு போனார். விடிந்து பார்த்தால் அது அவர் வீட்டிலும் இல்லை, பூட்டுக்கடைக்காரர் வீட்டிலும் இல்லை. இரண்டு வாசலுக்கும் நடுவே, நட்ட நடு ரோட்டில், முன்சக்கரம் ஒரு வீட்டையும் பின்சக்கரம் ஒரு வீட்டையும் பார்க்க நின்றது. உள்ளே தள்ளிப் பூட்டி வைத்தாலும் மறுநாள் அங்கேதான் நின்றது. இப்போதும் நிற்கிறது. எழுந்ததும் சகலைகள் இருவரும் ஆளுக்கொரு கயிற்றோடு வந்து, யார் வாசலுக்குக் கிட்டே நிற்கிறது என்று அளந்து, நேற்று நீதான் இழுத்துவிட்டாய் என்று சண்டை போடுகிறார்கள். பூட்டுக்கடைக்காரரின் மனைவி அவர்களைத் தாண்டித் தன் சைக்கிளில் பட்டறைக்குப் போகிறாள். தெருவுக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம், நடுவில் ஒரு சைக்கிள் நிற்கும், இடது பக்கமாகச் சுற்றிப் போங்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்.